அப்பளமும் தீப்பெட்டியும்

புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தவர்கள் எல்லாரும் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. தெருவில் இறங்கி நின்று, வீட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் அந்தப் படத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போகும். கொத்தனார் தூக்குக் குண்டு போட்டு, நூல் பிடித்தாற்போல் எழுப்பிய சுவர் படத்தில் பின்னால் மல்லாந்து கிடக்கும்! வலது சுவரும் இடது சுவரும் மேலே போகப் போக ஒன்றை ஒன்று முட்ட வரும். "என்ன, வீடு சாய்ஞ்சிருக்கு?" என்று பார்க்கிறவர்கள் வேறு கேட்டுவைப்பார்கள்.

கொத்தனார் பேரில் குற்றமில்லை. உங்கள் பேரிலும் இல்லை. மொட்டை மாடியும் படத்தில் விழவேண்டும் என்று காமிராவை அண்ணாந்து பார்க்க வைத்தீர்களே, அதுதான் காரணம். காமிரா நிமிர்ந்து நேரே பார்த்தால் சுவர்களும் நேரே நிற்கும். ஆனால் அப்போது மாடி வெட்டுப்பட்டு, கீழே தெருப் புழுதிதான் பாதிப் படத்தை அடைத்துக்கொள்ளும். இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்கென்றே ஒரு காமிரா இருக்கிறது. என் பிழைப்பே அதை நம்பித்தான் நடக்கிறது. அதற்கு லென்ஸ் தேர்ந்தெடுத்த கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். புடவை எடுப்பதைவிடக் கஷ்டமான காரியம் என்றால் நம்புவீர்களா?

முன்னே ஒரு கண், பின்னே ஒரு கண்

நான் வசிப்பது ஜெர்மனியில், கொலோன் நகரத்தில். காமிராக்காரர்களுக்கு இது திருவிழா நடந்த ஊர். 1950 முதல் 2018 வரை 'போட்டோகினா' என்ற பெரிய காமிராக் கண்காட்சி இங்கேதான் நடந்து வந்தது. ஊர் நடுவில் 157 மீட்டர் உயரத்துக்கு இரட்டைக் கோபுரத்தோடு ஒரு மாதா கோயில். 1248-ல் கட்டத் தொடங்கி 1880-ல் முடித்தார்கள். உல்லாசப் பிரயாணம் வருகிறவர்கள் அதன் எதிரே கழுத்தை வளைத்து, முதுகை வளைத்து, சிலர் தரையில் படுத்தே விட்டுப் படம் எடுப்பதைப் பார்த்தால் சிரிப்பாய் வரும்.

என் வேலை மாதா கோயில் அல்ல. கட்டடக் கலைஞர்களுக்காக வீடுகள், மாடிப்படிகள், முற்றங்கள், பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றைப் படம் பிடித்துக் கொடுப்பவள். அதற்கு நான் வைத்திருப்பது 'டெக்னிகல் காமிரா.' பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள். இதைப் போல் எளிமையான காமிரா கிடையாது. முன்னால் லென்ஸ் மாட்டிய ஒரு தட்டு. பின்னால் படம் பதிகிற டிஜிட்டல் பெட்டி. நடுவில் இரண்டையும் மேலும் கீழும், இடமும் வலமும் நகர்த்தப் பல் சக்கரங்கள். அவ்வளவுதான். சுவிட்ஸர்லாந்தில் ஆல்பா, ஹாலந்தில் காம்போ, ஜெர்மனியில் லின்ஹோஃப் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே இவற்றைச் செய்கிறார்கள்.

வீட்டின் முன்னால் இதை நீர்மட்டம் வைத்து நேரே நிறுத்த வேண்டும். அண்ணாந்து பார்க்க விடவே கூடாது. மாடி வேண்டுமா? சக்கரத்தைத் திருகி லென்ஸை மட்டும் சில மில்லிமீட்டர் மேலே தூக்க வேண்டும். தெருப் புழுதி படத்தைவிட்டுக் கீழே நழுவும். மாடி மேலிருந்து இறங்கி வரும். சுவரோ தூக்குக் குண்டு பிடித்தாற்போல் நேரே நிற்கும்.

அம்மாவின் சங்கிலி

இத்தனை நாளும் லென்ஸுகளை வாடகைக்கு எடுத்துத்தான் சமாளித்து வந்தேன். ஒவ்வொரு வேலைக்கும் வாடகை கொடுத்துக் கட்டாமல் போகவே, ஒன்றையாவது சொந்தமாக வாங்கிவிடுவது என்று தீர்மானித்தோம். ஒன்றே ஒன்றுதான். ஏனென்றால், இந்த வகை லென்ஸ் ஒன்றின் விலை ஒரு சின்ன மோட்டார் காரின் விலை. சேமிப்பு முக்கால் பங்கு இருந்தது. மீதிக் கால் பங்குக்கு, கல்யாணத்தில் அம்மா போட்ட இரட்டை வடச் சங்கிலி.

திருச்சியிலிருந்து அம்மா டெலிபோனில் கேட்டாள்: "ஏண்டி, ஒரு வட்டக் கண்ணாடிக்கா என் சங்கிலி?"

"கண்ணாடி இல்லை அம்மா, சோறு போடுகிற கண்."

"கண் என்றால் எத்தனை வருஷம் உழைக்கும்? அந்தப் பெட்டி மாதிரி அஞ்சு வருஷத்தில் பழசாகிவிடுமா?"

அம்மா பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டாதவள். ஆனாலும் கடைக்காரர் எவரும் என்னிடம் கேட்காத கேள்வியை அவள் கேட்டாள். அவர் (என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன்) கணக்குப் போடுகிற உத்தியோகம் பார்ப்பவர். "நீ உன் இஷ்டப்படி வாங்கு. ஆனால் ஏன் அதை வாங்கினாய் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டு, போதும்" என்று சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெளிவாயிற்று.

சமையலறையில் ஒரு பாடம்

நீங்களும் கூடவே செய்து பாருங்களேன். ஓர் அப்பளமும் ஒரு தீப்பெட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸ் எந்தக் காட்சியையும் வட்டமாகத்தான் பின்னால் வீசும். அந்த ஒளி வட்டம்தான் அப்பளம். படம் பதிகிற சென்ஸரோ நீள்சதுரம். அதுதான் தீப்பெட்டி. தீப்பெட்டியை அப்பளத்தின் நடுவில் வையுங்கள். அதன் நான்கு மூலையும் அப்பளத்துக்குள் இருக்கிற வரையில் படம் முழுசாய் விழும். இப்போது தீப்பெட்டியை மெல்ல ஒரு பக்கமாய் நகர்த்துங்கள். லென்ஸைத் தூக்குவது என்பது இதுதான். மூலை அப்பளத்தை விட்டு வெளியே போனால் அந்த மூலை இருண்டுவிடும். ஆகவே அப்பளம் பெரிசாக இருந்தால் நிறைய நகரலாம். சிறிசாக இருந்தால் நகர இடமேது?

இந்த வட்டத்தின் குறுக்களவை லென்ஸ் செய்கிறவர்களே அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். ஜெர்மனியின் ரோடன்ஸ்டாக் லென்ஸுகளில் 23 மி.மீ., 28 மி.மீ. இரண்டுக்கும் வட்டம் 70 மில்லிமீட்டர். 32-க்கும் 40-க்கும் 90 மில்லிமீட்டர். லென்ஸின் எண் குறையக் குறையப் பார்வை அகலும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பார்வை அகல அகல அப்பளம் சிறுத்துப் போகிறது, பார்த்தீர்களா? வேடிக்கை அங்கேதான் இருக்கிறது.

என்னுடைய டிஜிட்டல் பெட்டி ஹாஸல்பிளாட் 2024-ல் வெளியிட்ட சி.எஃப்.வி. 100சி. அதன் சென்ஸர் ஏறக்குறைய 44-க்கு 33 மில்லிமீட்டர். தீப்பெட்டியைவிடச் சற்றே சிறியது. 70 மி.மீ. வட்டத்தில் இதைச் சுமார் 11 மில்லிமீட்டர் மேலே நகர்த்தலாம். 90 மி.மீ. வட்டத்தில் ஏறக்குறைய 23 மில்லிமீட்டர். என் காமிராவின் சக்கரம் 20 வரை போகும்.

இதே லென்ஸுகளைப் பணக்காரப் பெட்டி ஒன்றில் மாட்டிப் பாருங்கள். ஃபேஸ் ஒன் கம்பெனியின் ஐக்யூ4 150 என்ற பெட்டியில் சென்ஸர் 53-க்கு 40 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதன் மூலைக்கு மூலை அளவே 67 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. 70 மி.மீ. அப்பளத்தில் அது மூச்சு முட்ட உட்கார்ந்திருக்கும். இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் அசைய முடியாது! ஆகவே, 'எந்த லென்ஸ் நல்லது?' என்று மொட்டையாகக் கேட்பதில் அர்த்தமில்லை. எந்தப் பெட்டிக்கு என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பாட்டியம்மாளின் ஜன்னல்

இதெல்லாம் கணக்கு. கணக்கு வாழ்க்கையில் எப்படி வருகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன்.

உலக யுத்தத்தில் கொலோன் நகரின் நடுப்பகுதி பெரும்பாலும் தரைமட்டமாயிற்று. அப்புறம் ஜனங்கள் செங்கல் செங்கலாகப் பொறுக்கி எடுத்து மறுபடியும் கட்டினார்கள். அப்படி 1951-ல் கட்டிய ஒரு வீட்டை விற்றுவிட்டு, முதியோர் விடுதிக்குப் போகவிருந்தார் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள். வாங்கினவர் இடிக்கப் போகிறார். அதற்கு முன் வீட்டை ஒரு படம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார்.

"என் அப்பா கட்டிய சுவர் ஒரு நாளும் சாய்ந்ததில்லை. படத்திலும் சாயக் கூடாது. கூரைக்குக் கீழே தெரிகிறதே, அந்தச் சின்ன ஜன்னலும் விழவேண்டும். அது என் அறை" என்றார்.

தெரு மிகக் குறுகல். எதிர் வீட்டுச் சுவரில் முதுகு ஒட்ட முக்காலியை நிறுத்தினேன். லென்ஸுக்கும் வீட்டுக்கும் இடையே சுமார் 10 மீட்டர் இருந்தது. அன்று வாடகைக்கு 28, 32 இரண்டும் கையில் இருந்தன. குறுகிய தெரு என்றால் அகலமான லென்ஸ் என்பதுதானே எவருக்கும் தோன்றும்? முதலில் 28. சக்கரத்தை 11 வரை திருகினேன். மூலை இருளத் தொடங்கிவிட்டது. ஜன்னலின் கீழ்ச் சட்டம் மட்டும் தெரிந்தது. அதை எடுத்துவிட்டு 32-ஐ மாட்டினேன். 20 வரை தூக்கியதும், ஜன்னல், அதன் மேல் கூரை, கூரை முகடு எல்லாம் வந்து சேர்ந்தன!

அகலம் குறைந்த லென்ஸ் உயரம் அதிகமாய்க் காட்டியது எப்படி? 10 மீட்டர் தூரத்தில், 28 தன் முழுச் சக்தியையும் காட்டினாலும் லென்ஸ் மட்டத்துக்கு மேல் சுமார் 9.7 மீட்டர் உயரம்தான் எட்டும். 32-ஐ 20 மில்லிமீட்டர் தூக்கினால் 11.4 மீட்டர் எட்டும். அந்த வித்தியாசத்துக்குள்ளேதான் பாட்டியம்மாளின் ஜன்னல் இருந்தது. அகலத்தில் மட்டும் 28-க்குச் சுமார் இரண்டு மீட்டர் கூடுதல். அது பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிக்குத்தான் பிரயோஜனப்படும்.

'அப்படியானால் 23-ஐ வாங்கிவிடலாமே?' என்பீர்கள். அதே இடத்திலிருந்து அது 11.9 மீட்டர் எட்டும். 32-ஐவிட அரை மீட்டர்தான் அதிகம். ஆனால் குறுக்கே 19 மீட்டர் தெருவை வாரிக்கொண்டு வரும். வேண்டிய வீடு நடுவில் சின்னதாய் நிற்கும். தவிர, இத்தனை அகலமான பார்வையில் ஓரத்தில் இருக்கிற எதுவும் இழுபட்டுப் போகும். உருண்டை விளக்கு முட்டை விளக்காகும். ஓரத்தில் நிற்கிற மனிதருக்கு ஒரே நிமிஷத்தில் உடம்பு பெருக்கும். யார் சம்மதிப்பார்கள்?

சாய்ந்து விழும் வெளிச்சம்

இன்னொரு பக்கமும் உண்டு. ஜெர்மனியிலேயே ஷ்னைடர் என்ற பழம்பெரும் கம்பெனி 'அப்போ-டிஜிடார்' என்ற வரிசையைச் செய்தது. அதில் 35 மி.மீ. லென்ஸ் உள்ளங்கையில் அடங்கும். வட்டமும் 90 மில்லிமீட்டர். இப்போது பழைய சரக்காகத்தான் கிடைக்கிறது, விலையும் சகாயம். பார்த்தவுடன் மனசு தாவத்தான் செய்யும்.

ஆனால் அதன் அமைப்பு சென்ஸருக்கு மிக நெருங்கி உட்காரும். மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுவது போல், அதன் வெளிச்சம் சென்ஸரின் ஓரங்களில் சாய்ந்து விழுகிறது. சென்ஸரில் கோடிக் கணக்கான சின்னஞ்சிறு குழிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆழமான குழியில் சாய்ந்த வெயில் அடி வரை போகாமல் பக்கத்துச் சுவரில் பட்டு நிற்குமல்லவா? அப்படி ஆனால் படத்தில் ஒரு பக்கம் ரோஜா நிறமும் மறு பக்கம் பச்சையும் படரும். வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இராது. முதலில் வந்த பெட்டிகள் இதை ஓரளவு பொறுத்துக்கொண்டன. 2014-ல் வந்த 50 மெகா பிக்ஸல் பெட்டிகள் நகர்த்தினால் நிறம் மாறின. ஐக்யூ4, சி.எஃப்.வி. 100சி போன்ற பின்னால் வந்தவற்றில் வெளிச்சம் வாங்கும் பகுதி மேலே ஏறிவிட்டபடியால் தொல்லை வெகுவாய்க் குறைந்திருக்கிறது.

ரோடன்ஸ்டாக் அகல லென்ஸுகள் வேறு மாதிரி. சென்ஸரிலிருந்து தள்ளி உட்கார்ந்து, வெளிச்சத்தை நிமிர்த்தி அனுப்புகிறவை. அதற்குத் தண்டனையாகக் கண்ணாடிகள் கூடி, கனமும் கூடும். 32-ஐக் கையில் வாங்கினால் ஊறுகாய் ஜாடியைத் தூக்கின மாதிரிதான்!

எதுவானாலும் ஒரு வழக்கத்தை நான் விடுவதில்லை. ஒவ்வொரு படம் எடுத்ததும், லென்ஸை அசைக்காமல், பால் நிறப் பிளாஸ்டிக் தகடு ஒன்றை அதன் முன்னால் பிடித்து இன்னொரு படம். அதில் வீடு தெரியாது. நிறம் எங்கே மாறியிருக்கிறது, ஓரம் எங்கே மங்கியிருக்கிறது என்பது மட்டும் தெரியும். வீட்டுக்கு வந்து அதைக் கம்ப்யூட்டரில் கொடுத்தால், அசல் படத்தை அதுவே சரிசெய்துவிடும். குழம்பில் உப்புப் பார்ப்பது போல, தவறவே கூடாத வேலை.

40-க்கு ஒரு தந்திரம்

ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டச் சொன்னாரே, அதில் கடைசி வரை போட்டியில் நின்றவை 32-ம் 40-ம்தான்.

40-க்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. லென்ஸைத் தொடாமல் பின்னால் இருக்கும் பெட்டியை இடது பக்கம் 20 மில்லிமீட்டர் நகர்த்தி ஒரு படம், வலது பக்கம் 20 நகர்த்தி ஒரு படம். இரண்டையும் ஒட்டினால், 10 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 21 மீட்டர் அகலம் கிடைக்கும். 23 மி.மீ. லென்ஸின் 19 மீட்டரைக்கூட மிஞ்சிவிட்டது! ஒட்டின இடமும் தெரியாது. கோலத்தில் இரண்டு பாதியையும் ஒரே புள்ளியில் சேர்ப்பது போல் அழகாய்ச் சேரும்.

ஆனால் இரண்டு படத்துக்கும் நடுவில் எதுவும் அசையக் கூடாது. காலி ஹாலில் பிரமாதம். பள்ளிக்கூட முற்றத்தில் என்ன ஆகும்? முதல் படத்தில் ஊஞ்சலில் இருந்த சிறுமி இரண்டாம் படத்தில் சறுக்கு மரத்தில் நிற்பாள். ஒரே குழந்தை இரண்டு பேராகிவிடும். அல்லது பாதிக் குழந்தை காணாமல் போகும்.

அந்த இடத்தில்தான் எனக்குத் தீர்ப்புக் கிடைத்தது. ஒரு வருஷமாக ஒவ்வொரு வேலையிலும் எந்த லென்ஸ், எத்தனை மில்லிமீட்டர் தூக்கினேன், ஒட்டினேனா இல்லையா என்று பால் கணக்கு நோட்டு மாதிரி எழுதி வந்திருந்தேன். புரட்டிப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்ட இடங்கள் குறுகலானவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் மனிதர்கள் நடமாடினார்கள். என் வீடுகளில் ஜனங்கள் வாழ்கிறார்கள். அவர்களை ஓடாதே, ஆடாதே என்று சொல்லி எடுத்தால் அது வீட்டின் படமாகாது; செங்கல்லின் படம்தான். ஆகவே ஒரே தடவையில் முடிக்கிற 32-ஐ வாங்கினேன். வருஷத்தில் இரண்டொரு முறை 23 தேவைப்பட்டால் வாடகை இருக்கவே இருக்கிறது.

வாங்க நினைக்கிறவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் இதைச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்து மயங்காமல், மிச்சமிருக்கிற அப்பளத்தைப் பாருங்கள். வட்டத்தின் விளிம்பு வரை போகாமல் ஓரிரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்துங்கள். விளிம்பில் கூர்மை குறையும். துவாரத்தை எஃப் 8, எஃப் 11-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் சிறுத்தால் நுணுக்கம் மங்கும். இத்தனை பணம் இல்லையே என்றால், 44-க்கு 33 சென்ஸர் உள்ள ஃபூஜி காமிராவுக்கு 2023-ல் வந்த 30 மி.மீ. சாய்த்து நகர்த்தும் லென்ஸ் இருக்கிறது. தனிக் காமிரா, தனிப் பெட்டி என்று அலைய வேண்டாம்.

அம்மாவின் கேள்விக்கும் பதில் எழுதினேன். பெட்டி பழசாகும், ஐந்து வருஷத்திலோ பத்து வருஷத்திலோ மாற்ற வேண்டியதுதான். லென்ஸ் கண்ணாடியும் உலோகமுமாக இருக்கும். ஆனால் புதுப் பெட்டி பழைய லென்ஸோடு ஒத்துப்போகுமா என்பதைப் பொறுத்துத்தான் அதன் ஆயுள். வெளிச்சத்தை நிமிர்த்தி அனுப்புகிற லென்ஸுக்கு அந்தப் பயம் குறைவு. "மாமியாரோடு ஒத்துப்போகிற மருமகள் மாதிரி என்று சொல்லு" என்றாள் அம்மா. சங்கிலியைப் பற்றி அப்புறம் அவள் பேசவில்லை.

லென்ஸும் வேண்டாம், காமிராவும் வேண்டாம், கையில் டெலிபோன்தான் இருக்கிறது என்கிறீர்களா? கவலைப்படாதீர்கள். டெலிபோனை அண்ணாந்து பிடிக்காமல் சுவர் போல் நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். அதில் இருக்கிற அகலமான கண்ணைத் தேர்ந்தெடுங்கள். மாடி விழுகிற வரைக்கும் பின்னால் போங்கள். பாதிப் படத்துக்குத் தெருதான் இருக்கும், இருக்கட்டும். அப்புறம் அந்தத் தெருவை வெட்டி எறியுங்கள். நான் சக்கரத்தைத் திருகிச் செய்கிற காரியம் இதுவேதான்! உங்கள் கொத்தனார் மானமும் தப்பும்.